சிமெண்ட் சிலுவைக்கு மூன்று ஓலை

கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பது கிறிஸ்தவக் கோயில் வழக்கம். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள். லிங்கராஜபுரத்து டெஸ்மண்ட் வீட்டு விஷயத்தில் ஒரு கல்லறைக்கு ஓலை வாசித்தார்கள். அது எப்படி என்று கேட்டால் கொஞ்சம் பொறுமை வேண்டும். டெஸ்மண்டுக்கே இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை.

டெஸ்மண்டின் அம்மா பிரிஜெட்டுக்கு எண்பத்தாறு வயது. இதயம் களைத்துவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அம்மா அதற்கெல்லாம் பயப்படவில்லை. ஒரே ஒரு ஆசையைச் சொன்னாள்.

"என்னை எங்கப்பா குழியில வச்சுடு டெஸ்மண்டு. வேற எங்கயும் கொண்டுபோய்ப் போட்டுடாத."

பழைய சிமிட்டரியில் புதுக் குழிக்கு இடமில்லை. குடும்பக் குழி இருந்தால் அதையே திறந்து வைக்கலாம். இல்லாதவர்களுக்கு ஊருக்கு வெளியே புது இடம், இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். "அங்க எனக்கு யாரைத் தெரியும்?" என்று கேட்டாள் அம்மா. செத்த பிறகும் அக்கம்பக்கம் முக்கியம் அவளுக்கு. டெஸ்மண்ட் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்துவிட்டான்.

வாக்குக் கொடுக்க வாய் போதும். கோயில் ஆபீசில் ஃபாதர் கிளிஃபர்ட் முன்னால் போய் நின்றபோதுதான் வினை தெரிந்தது.

"குழியில இருக்கிறவர் உங்க அம்மாவோட அப்பாதான்னு காட்ட ஏதாவது இருக்கா? அம்மாவோட ஞானஸ்நான சர்டிபிகேட்?"

இல்லை. சரி, கோயில் ஏட்டில் பார்க்கலாம் என்றால், அந்தக் காலத்து ஞானஸ்நான ஏடுகளும் இல்லை, அடக்க ஏடுகளும் இல்லை. மழையில் ஊறிப்போயின என்றார் பழைய உபதேசியார். கரையான் என்றார் ஆபீஸ்காரர். பைண்டிங்குக்குப் போனவை திரும்பி வரவில்லை என்று மூன்றாவது ஒருவர் அடித்துச் சொன்னார். டெஸ்மண்ட் விடவில்லை, தாத்தா சவரிமுத்து பெயரைச் சொல்லிக்கொண்டு கண்டோன்மெண்ட் பக்கத்து மற்றக் கோயில்களிலும் ஏறி இறங்கினான். ஒரு கோயிலில் சவரிமுத்து மகள் பிரிஜெட் என்று ஒருத்தி கிடைத்தாள், ஆனால் அவள் அம்மாவைவிட இருபது வயது மூத்தவள். இன்னொரு கோயிலில் மூன்று சவரிமுத்துக்கள் கிடைத்தார்கள், ஒருவருக்கும் பிரிஜெட் என்று மகள் இல்லை. தேடத் தேடத் தாத்தாக்கள் பெருகினார்களே தவிர, தன் தாத்தா மட்டும் அகப்படவில்லை. ராத்திரி படுத்தால் தலைக்குள் சவரிமுத்துக்கள் வரிசையில் நின்றார்கள்.

குழியிலாவது பெயர் இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. தெற்குச் சுவரோரம், சில்வர் ஓக் மரத்தடியில், மொட்டையாக ஒரு சிமெண்ட் சிலுவை.

"வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு வெள்ளையடிச்சு, சாமந்தி வச்சு, மெழுகுவத்தி ஏத்துறோம் ஃபாதர். விடிஞ்சதும் முதல் ஆளா நாங்கதான் போவோம்."

"ஏத்துறீங்க, சரி. யாருக்கு ஏத்துறீங்க?"

  ஏடு இல்லாவிட்டால் ஊரைக் கேட்பதுதான் வழி, மூன்று ஞாயிறு ஓலை வாசிப்போம், தடை வராவிட்டால் குழி உங்களுடையது என்றார் ஃபாதர்.

முதல் ஞாயிறு, சில்வர் ஓக் மரத்தடிக் குழி சவரிமுத்து மகள் பிரிஜெட்டுக்கு என்று வாசித்தபோது பாதிப் பேர் சிரிப்பை அடக்கினார்கள். இரண்டாம் ஞாயிறு பூசை முடிந்ததும் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் நேராக ஆபீசுக்கு வந்தாள். பெயர் குளோரியா, ஸ்கூல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், வயது டெஸ்மண்டுக்குச் சமமாக இருக்கும்.

"அது எங்க தாத்தா குழி ஃபாதர். எங்கப்பாவோட அப்பா. கல்லறைத் திருநாள் தவறாம வரோம்."

"நான் உங்களை ஒருநாளும் பார்த்ததில்லையே," என்றான் டெஸ்மண்ட்.

"நாங்க சாயங்காலம் வருவோம்."

"சாயங்காலம் வந்தா, வெள்ளையடிச்சு, சாமந்தி வச்சிருந்தது யாருன்னு நினைச்சீங்க?"

"கோயில் சபைக்காரங்கன்னு. பளிச்சுனு இருக்கும். எங்கப்பா சாகிற வரைக்கும் சபைக்கு நன்றி சொல்லிட்டிருந்தாரு." குளோரியாவின் குரல் இறங்கிவிட்டது. "நீங்களா அது?"

தன் அப்பாவும், அவருக்குப் பிறகு தானும், முழங்கை வரை சுண்ணாம்பாக நின்ற காலை நேரமெல்லாம் டெஸ்மண்டுக்கு ஞாபகம் வந்தது. கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. எதை வெளியே விடுவதென்று தெரியாமல் மூக்கைச் சொறிந்துகொண்டான்.

"என்னை சாலமோன் ராஜா ஆக்கிடாதீங்க," என்றார் ஃபாதர். "குழியைப் பாதி பாதி வெட்டிக் கொடுக்க முடியாது. டெஸ்மண்டோட அம்மா இருக்காங்களே, அவங்களையே கேளுங்க."

அன்று சாயங்காலமே குளோரியா வீட்டுக்கு வந்தாள். டெஸ்மண்டின் மனைவி மௌரீன் காபி கொண்டுவந்து வைத்தாள். அம்மா தலையணையில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். 

"அம்மா, அது தாத்தா குழிதானே?" என்றான் டெஸ்மண்ட்.

"தெரியாதுப்பா."

டெஸ்மண்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 

"அப்பா சாகும்போது எனக்கு அஞ்சு வயசு," என்றாள் அம்மா. "மரச் சிலுவைதான் நட்டிருந்தாங்க. அடுத்த கல்லறைத் திருநாள் காலையில அம்மா என்னைக் கூட்டிட்டுப் போறா, சிலுவையைக் காணோம். மழையில போயிடுச்சோ, யாரு பிடுங்கினாங்களோ. அம்மா தேடுறா, தேடுறா, கிடைக்கல. எல்லாக் குழியிலயும் வெளிச்சம். நான் மெழுகுவத்தியைக் கையில வச்சுக்கிட்டு, அப்பா எங்க, அப்பா எங்கன்னு ஓன்னு அழறேன். அந்த வரிசையில மெழுகுவத்தி இல்லாம இருந்தது அந்தச் சிமெண்ட் சிலுவை ஒண்ணுதான். அம்மா அதைக் காட்டி, இதான்டி அப்பான்னுட்டா. சாகும்போதுதான் நிஜத்தைச் சொன்னா."

மெழுகுவர்த்தி ஏன் இல்லை என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது. குளோரியா வீட்டார் சாயங்காலம் வருகிறவர்கள்.

"அப்ப ஏம்மா எங்ககிட்ட சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? அதுக்குள்ள அவர் எனக்கு அப்பாவாகிட்டாரே. கல்யாணம் அங்கதான் சொன்னேன். நீ பொறந்ததை அங்கதான் சொன்னேன். எண்பது வருஷம் அவருக்குத்தான் ஜெபம் பண்ணியிருக்கேன்." அம்மா குளோரியா பக்கம் திரும்பினாள். "உங்க தாத்தா பேரு என்னம்மா?"

"அந்தோணிசாமி. பேண்டுல கிளாரினெட் வாசிச்சாரு."

"அந்தோணிசாமி," என்று அம்மா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "நான் பாட்டுக்கு சவரிமுத்து, சவரிமுத்துன்னு கூப்பிட்டுட்டிருந்தேன். கோவிச்சிருக்க மாட்டாரு இல்ல?"

குளோரியா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. போகும்போது அம்மாவின் காலடிப் போர்வையைச் சரிசெய்து, "போயிட்டு வரேன் அத்தை," என்றாள். வரும்போது ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டாள்.

மறுநாள் அவள் ஃபாதரிடம் போய்த் தடையை வாபஸ் வாங்கிக்கொண்டாள். என்ன காரணம் என்று ஃபாதர் கேட்டிருக்கிறார்.

"அவங்க எங்க தாத்தாவோட மக ஃபாதர். எங்க அத்தை."

ஃபாதர் அவளைப் பார்த்தார், காலி அலமாரியைப் பார்த்தார். "ஏடு இருந்தா நான் ஒத்துக்கமாட்டேன்," என்றார். "ஏடுதான் இல்லையே."

மூன்றாம் ஞாயிறு ஓலையில், அந்தோணிசாமியின் மகள் பிரிஜெட் என்று வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்றபோது, தெரிந்தவர்களில் தானும் ஒருவன்தானே, எழுந்திருக்க வேண்டுமா என்று டெஸ்மண்டுக்குக் குழப்பம். அவனுடைய சட்டை நுனியை மௌரீன் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "மாமன் பொண்ணு கிடைச்சிருக்கா, சும்மா உக்காருங்க," என்று காதில் கிசுகிசுத்தாள்.

அம்மா ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தாள். சில்வர் ஓக் மரத்தடியில், அவள் கேட்ட இடத்திலேயே வைத்தார்கள்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. டெஸ்மண்ட் விடிந்ததும் சுண்ணாம்பு வாளியோடு போனால், குளோரியா அவனுக்கு முன்னால் வந்து நிற்கிறாள், கையில் பிரஷ்ஷோடு. இருவரும் வெள்ளையடித்தார்கள். சாமந்தி வைத்தார்கள். அந்தோணிசாமிக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். குளோரியா பையிலிருந்து இன்னொன்றை எடுத்து டெஸ்மண்டிடம் நீட்டினாள்.

"சவரிமுத்து தாத்தாவுக்கு."

டெஸ்மண்ட் அதைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தான். எங்கே என்று தெரியவில்லை. தாத்தா இங்கேதான் எங்கேயோ இருக்கிறார், எண்பது வருஷமாக ஒரு வெளிச்சம் இல்லாமல். பாதிக் குழிகளுக்கு இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில், அத்தனை கல்லறைக்கு நடுவில், அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டு வரிசை தள்ளி, புல் மண்டிய ஒரு மேடு இருந்தது. சிலுவை இல்லை. டெஸ்மண்ட் குனிந்து புல்லை ஒதுக்கி மெழுகுவர்த்தியை நட்டு ஏற்றினான்.

"இதுதானா?" என்றாள் குளோரியா.

"தெரியல. சாயங்காலம் யாராவது வந்தா, கோவிச்சுக்க வேணாம்னு சொல்லணும்."

இருவரும் அன்று இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அந்த மேட்டுக்கு யாரும் வரவில்லை.