மூட்டம் ஏறாத நாள்

தலையணை உறையை மாற்ற உதறியபோது மூன்று மாத்திரைகள் தரையில் விழுந்தன. எச்சிலில் பாதி கரைந்து காய்ந்தவை. ராமலெட்சுமி அவற்றைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு புருசனைப் பார்த்தாள். இருளாண்டி சுவரைப் பார்த்தார்.

புற்றுநோய்க்காக இடது நுரையீரலில் பாதியை வெட்டியெடுத்து இன்றோடு மூன்றாம் நாள். விலாவிலிருந்து ஒரு குழாய் கட்டிலடி டப்பாவுக்குள் இறங்கியிருந்தது. மதுரையில் இந்த ஆஸ்பத்திரிக்கு வரும்வரை சாயல்குடிப் பக்கம் கருவேல விறகைக் குவித்துச் சேற்றால் மூடி, உள்ளுக்குள்ளேயே கனியவிட்டுக் கரியாக்கும் மூட்டம் போட்டவர். எரியும் மூட்டத்தின் மேல் ஏறிச் சேறு பூச வேண்டிய நாளில் மட்டும் பிரஷர் மாத்திரை போடமாட்டார். போட்டால் கிறுகிறுக்கும், கிறுகிறுத்தால் கால் நெருப்புக்குள் போகும். அப்படிப் போன இரண்டு பேரை அவரே இழுத்துப் போட்டிருக்கிறார். இங்கும் அதே மாத்திரைதான் கொடுத்தார்கள்; கூடவே தினமும் நாலு தடவை வராந்தாவில் நடக்கச் சொல்லியிருந்தார்கள். நடந்தால்தான் வீடு.

"மாத்திரையப் போட்டுட்டு எங்கிட்டு நடக்குறது? நெஞ்சு நல்லாத்தேன் அடிக்கிது" என்றார்.

மருந்து கொடுக்க வந்த நர்ஸ் மாலதி அந்த மாத்திரைகளைப் பார்த்துப் பதறிவிட்டாள். "அய்யா, அது பிரஷருக்கு மட்டுமில்ல. இந்த மாதிரி பெரிய ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மூணு நாள்லதான் துடிப்பு தாறுமாறாகும். ஆகாம இருக்கத்தான் விடாம குடுக்குறோம். திடீர்னு நிறுத்துனா இன்னும் மோசம். ரத்தம் கட்டி மூளைக்குப் போயிரும்." டாக்டரிடம் சொல்ல ஓடினாள்.

ராமலெட்சுமி கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"யோவ், மூட்டத்துல வெடிப்பு விட்டா என்ன செய்வ?"

"சேறு அப்புவேன்."

"தீ வெளிய தெரியலயே, எதுக்கு அப்புற?"

"தீ தெரிஞ்ச பெறகு அப்பி என்னத்துக்கு? எல்லாம் சாம்பல்தேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"ஊருக்கே வேலை சொல்ற வாய்தான? மாத்திரைய மட்டும் துப்புது."

டாக்டர் வந்து ஈசிஜி எடுக்கச் சொன்னார், ரத்தம் எடுக்கச் சொன்னார். துடிப்பு இதுவரை ஒழுங்குதான். இன்னும் இரண்டு நாள் போகட்டும், இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார். மாலதி நீட்டிய மாத்திரையை இருளாண்டி விழுங்கினார்.

சாயங்காலம் நடக்க எழுந்தபோது தலை சுற்றியது. "கிறுகிறுங்குது புள்ள."

"நானென்ன செத்தா போனேன்? சாய்ஞ்சுக்க."

குழாய் டப்பாவை அவள் ஒரு கையில் தூக்கிக்கொண்டாள். முப்பது வருசக் குடித்தனத்தில் யார் மேலும் சாயாத மனுசன் முழுப் பாரத்தையும் அவள் தோளில் இறக்கினார். அவர் விரல்கள் அவள் தோளெலும்பில் பதிந்தன. வராந்தாவின் மறுகோடி தூரமாகத் தெரிந்தது. அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் அடியை எடுத்து வைத்தாள்.