வெள்ளைக்குள் ஊற்றிய நீலம்

ஒரு வாரமாகக் கலர்காரருக்கு எதைப் பார்த்தாலும் மஞ்சள். பெயிண்ட் கடையில் நிறம் கலப்பது அவர் வேலை. அவர் கண்ணை நம்பித்தான் கடையே ஓடுகிறது. அந்தக் கண்ணே போய்விட்டதோ என்று உள்ளுக்குள் வெலவெலத்துப் போயிருந்தார். வாயைத் திறந்து சொல்வாரா? மாட்டாரே! பழியை மனைவி மேல் போட்டார்.

"சட்டையத் துவைக்கிறியா, மஞ்சள்ல ஊறப் போடுறியா?"

"வெள்ளையாத்தானே இருக்கு? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

சாப்பிட உட்கார்ந்தால் குமட்டல். அதற்கும் அவள் சமையலைத்தான் திட்டினார்.

இந்த லட்சணத்தில், அவருக்கு வைத்தியம் பார்க்கும் இதய டாக்டர் தன் கிளினிக் சுவருக்கு வெள்ளை கேட்டு ஆள் அனுப்பினார். டப்பாவைத் திறந்தால் அதுவும் மஞ்சள். கம்பெனிக்காரனை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, மஞ்சளை அடக்க நீலத்தை ஊற்றினார். தன் கண்ணுக்கு வெள்ளையாகும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

சுவர் காய்ந்ததும் டாக்டர் கடைக்கே வந்துவிட்டார். "வெள்ளை கேட்டா, கிளினிக்க நீச்சல் குளமாக்கி வச்சிருக்கீங்களே!"

"என்னைக் குறை சொல்ல வந்துட்டீங்க. மொதல்ல உங்க கோட்டப் பாருங்க, ஒரே மஞ்சள்!"

டாக்டரின் கோபம் சட்டென்று இறங்கியது. கையைப் பிடித்து நாடி பார்த்தார். "நெஞ்சுத் துடிப்பு சீராகுறதுக்கு நான் குடுத்த மாத்திரை, தினம் எத்தனை போடுறீங்க?"

"ஒண்ணுதான். சத்தியமா!"

"அது ஒடம்புல அதிகமானாத்தான் இப்படி மஞ்சளாத் தெரியும். உயிருக்கே ஆபத்துங்க." பேச்சு வளர்க்காமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய்ப் படுக்க வைத்தார்.

மனைவி அடித்துப் பிடித்து ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி நான்தான் டாக்டர்! மாத்திரையே வேண்டாம்னு என் முன்னாலயே குப்பையில வீசினாரு. அதப் பொறுக்கி, தினமும் காப்பியில கரைச்சுக் குடுத்துட்டேன்."

கலர்காரர் திருதிருவென்று விழித்தார். வீசியது வாஸ்தவம். ஆனால் மறுபடி நெஞ்சு படபடத்ததும் பயந்துபோய், வேறு மாத்திரை அட்டை வாங்கிக் கடையில் ஒளித்துவைத்து, அவரும் தினமும் விழுங்கிக்கொண்டிருந்தார்.

"நல்ல ஜோடி போங்க!" என்றார் டாக்டர். "நல்லவேளை, சமயத்துல பிடிச்சுட்டோம். கண்ணும் சரியாயிடும்." சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

"முழுங்குறேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சாகப் பயமா இருக்குன்னு உன்கிட்ட எப்படிடி சொல்றது?"

"ஏன், நீங்க செத்துருவீங்களோன்னு எனக்கு மட்டும் பயமில்லையா?" என்று அழுதபடியே சண்டைக்கு வந்தாள்.

எதற்கும் எதிர்ப்பேச்சு வைத்திருக்கும் மனுஷனுக்கு இப்போது அழுகைதான் வந்தது.