புதினா மணக்கும் முடிச்சு

“பயமா இருந்தா மூடி வச்சிட வேண்டியதுதானேம்மா? ஏன் விரலை உள்ளேயே வச்சிருக்க?”

முதல் வகுப்புப் படிக்கும் மகள் ஒரு நாள் கேட்ட கேள்வி இது. கேட்டபோது அவளுடைய அம்மா சோபாவின்மேல் இரண்டு கால்களையும் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு கையால் கண்ணைப் பொத்தியபடி, மறு கையின் ஆள்காட்டி விரலை ஒரு பேய் நாவலுக்குள் கொடுத்து வைத்திருந்தாள். “போய்ப் பல்லைத் தேய்” என்றாள். பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள் வீட்டில், பதில் தெரியாத கேள்விகளுக்கெல்லாம் அதுதான் பதில்.

அவளுக்கு வேலை ஒரு சிறிய பல் ஆஸ்பத்திரியின் முன்மேசையில். வருகிறவர்களை உட்கார வைப்பது, முறை வந்ததும் உள்ளே அனுப்புவது, பஞ்சும் கையுறையும் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் முன்மேசை அக்காதான். அந்தக் கட்டடத்தின் மாடியில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. கடவுள் சிலருக்கு ஆசையையும் அதற்கான படிக்கட்டையும் ஒரே கட்டடத்தில் வைத்துவிடுகிறார்.

பேய்க் கதையும், டார்க் ரொமான்ஸ் என்கிற இருட்டுக் காதல் கதையும்தான் அவளுக்கு உயிர். அவள் படிப்பதைப் பார்ப்பதே ஒரு காட்சி. பேய் வந்தால் மூச்சுக் காட்டாமல் படிப்பாள். பேயின் காதில் விழுந்துவிடக் கூடாதாம். முரட்டுக் கதாநாயகன் வந்துவிட்டாலோ வீடு இரண்டுபடும். “அடப்பாவி! கதவைப் பூட்டிட்டுத்தான் காதலைச் சொல்லுவியா? உங்கம்மா உன்னை இப்படியா வளர்த்தா?” என்று புத்தகத்தை மெத்தையில் எறிவாள். கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். பிறகு, அடிபட்ட குழந்தையைத் தூக்குவது போல அதைத் தூக்கித் தடவி, விட்ட பக்கத்தைத் தேடுவாள். நாலு பக்கம் போனால், “பாவம், அவனுக்கும் உள்ளுக்குள்ள என்ன காயமோ!” என்று மூக்கை உறிஞ்சுவாள்.

“நல்லா இருக்கு நியாயம்” என்பான் கணவன். “அவன் கதவைப் பூட்டினா காயம். நான் ஜன்னலைச் சாத்தினா மட்டும் புழுங்குதுன்னு கத்துற.”

“அவன் ஒரு தடவையாவது மன்னிப்புக் கேட்டாங்க. நீங்க ஜன்னல்கிட்ட கேட்டிருக்கீங்களா?”

அந்த நூலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் தொடங்கியதென்று அவளுக்குத் தெரியாது. தாங்க முடியாத பக்கங்கள் வரும் இடத்தில், அந்தத் தாள்களை மட்டும் சேர்த்து, மேலும் கீழுமாக ஒரு மெல்லிய வெள்ளை நூல் சுற்றி, அழகாகப் பூ முடிச்சுப் போட்டிருக்கும். நூல் சுற்றிய தாள்களை அப்படியே புரட்டிவிட்டு மேலே படிக்கலாம். கதை எங்கும் அறுந்து போகாது. மனசு மட்டும் ஒரு குழியில் விழாமல் தப்பும். துணிச்சல்காரர்கள் அவிழ்த்துப் படிக்கலாம், ஆனால் திரும்பக் கட்டி வைத்துவிட வேண்டும்.

“யாருங்க இதைக் கட்டுறது?” என்று நூலகக்காரரிடம் ஒருமுறை கேட்டாள்.

“யாரு என்ன படிக்கிறாங்கன்னு நான் வாயைத் திறந்தா, நாளைக்கு நீ பேய்க் கதை படிக்கிறதும் ஊருக்கே தெரியும். பரவாயில்லையா?”

“வேண்டாம் சாமி.”

முகம் தெரியாத அந்த ஆள்மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம். முன்னாலேயே ஒருவர் தனியாக உள்ளே போய், அழுது, பயந்து, தனக்குப் பின்னால் வருபவர் கால் இடறாமல் ஒரு கயிறு கட்டிவிட்டு வந்திருக்கிறாரே! அந்த முடிச்சுகளை அவள் முழுசாக நம்பினாள். முடிச்சு இல்லாத பக்கத்தில் ஆபத்து இல்லை என்பது அவள் கணக்கு. அந்த நம்பிக்கையில்தான் புதிதாக எடுத்த புத்தகத்தை, செய்யக் கூடாத ஒரு காரியமாக, வேலை நேரத்தில் முன்மேசை இழுப்பறைக்குள் திறந்து வைத்தாள்.

கறுப்புக் கையுறை போட்ட ஒருவன், அவன் மாளிகையில் அடைபட்ட ஒரு பெண், அவர்களுக்கிடையே ஒரு பேய். மேசைக்கு எதிரே காத்திருப்பவர்கள் மூன்று பேர். மீசையை முறுக்கிவிட்ட லாரி டிரைவர் ஒருவர் கன்னத்தைப் பிடித்தபடி இருந்தார். ஒரு கல்லூரிப் பெண். மகனை மடியில் இறுக்கி வைத்திருந்த ஒரு தாய். உள்ளே இயந்திரம் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த பக்கத்தில் முடிச்சு இல்லை. நிம்மதியாகத் திருப்பினாள். கறுப்புக் கையுறைக்காரன் தன் எதிரியை நாற்காலியில் கட்டிப் போட்டு, குறடை எடுத்தான்.

“ஐயையோ!” என்று அலறினாள் முன்மேசை அக்கா. “மயக்க ஊசிகூடப் போடாம ஒவ்வொண்ணா பிடுங்குறானே!”

கல்லூரிப் பெண் பையைக்கூட எடுக்காமல் ஓடினாள். தாய் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். மீசைக்காரர் மரியாதையாக எழுந்து, “நான் அப்புறமா வர்றேங்க” என்று வாசல் வரை நடந்து, அங்கிருந்து ஓடினார்.

உள்ளேயிருந்து டாக்டர் வந்தார். வயது ஐம்பதைத் தாண்டியவர். சட்டைக் காலரில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது, சிரித்தும் யாரும் பார்த்ததில்லை. காலி நாற்காலிகளைப் பார்த்தார். தரையில் கிடந்த கல்லூரிப் பையைப் பார்த்தார். அவள் இழுப்பறையை முழங்காலால் மூடிவிட்டாள்.

“பல் வலிக்காரங்க இந்தப் படி ஏறுறதுக்கு எவ்வளவு தைரியம் சேர்த்துக்கிட்டு வர்றாங்க தெரியுமாம்மா?” என்றார். குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. “வலியைப் பொறுத்துக்கிட்டு, தூக்கமில்லாம, கொஞ்சம் கொஞ்சமா சேர்த்திருப்பாங்க. ஒரே கத்துல நீங்க அதைக் கொட்டிட்டீங்க.”

“மன்னிச்சிடுங்க டாக்டர்.”

“இன்னொருத்தர் இப்படிப் பயந்து ஓடினா, இந்த மேசைக்கு வேற ஆள் பார்க்க வேண்டியிருக்கும். சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு.”

கையில் இருக்கும் ஒரே வேலை. மகளின் பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. இப்படி வசதியாக இன்னொன்று அமையாது. கல்லூரிப் பெண்ணின் வீட்டுக்குத் தானே போய்ப் பையைக் கொடுத்துக் காலில் விழாத குறையாகச் சமாதானம் சொல்லிவிட்டு வந்தாள். இனி இழுப்பறைக்குள் புத்தகம் இல்லை என்று சத்தியமும் செய்துகொண்டாள்.

ஆனால் விடுமுறை நாளில் வீட்டில் படிப்பதற்குச் சத்தியம் தடையில்லையே! அன்று துணி துவைத்த கையோடு மிச்சத்தைப் படிக்க உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் தடிமனாக ஒரு கட்டு. ஒன்றுக்கு மூன்று முடிச்சு. வேலைக்கே உலை வைத்த புத்தகம், இதற்குமேல் என்ன இருந்துவிடப் போகிறது என்று ஒரு வீம்பு வந்தது. தாளின் ஓரத்தை நெம்பி எட்டிப் பார்த்தாள். மாளிகை வாசலில், திரும்பி வராத எஜமானுக்காக மழையில் காத்திருக்கும் ஒரு கிழட்டு நாய். படக்கென்று விட்டுவிட்டாள்.

“இது என்ன அநியாயம்!” என்று கணவனைப் பார்த்தாள். “நாய்க்கு மூணு முடிச்சு. முப்பத்திரண்டு பல்லைப் பிடுங்குறதுக்கு ஒண்ணுமே இல்ல. அப்படியே திறந்து போட்டிருக்கு! பல்லைப் பிடுங்குறதைப் பார்த்தா கொட்டாவி வரும், நாய் நனைஞ்சா மட்டும் நெஞ்சு வெடிக்கும்னா, அது என்ன மாதிரி ஆளா இருக்கும்?”

மகள் வந்து புத்தகத்தில் மூக்கை வைத்தாள். “டாக்டர் மாமா வாசனை வருது” என்றாள்.

“அது அம்மா கையில ஒட்டின வாசனைடா.”

“நீ இப்பதானே சோப்புப் போட்டுத் துணி துவைச்ச? நூல்தான்மா மணக்குது. புதினா மாதிரி.”

அவள் தன் கையை முகர்ந்தாள். சோப்பு. நூலை முகர்ந்தாள். விரலால் உருட்டிப் பார்த்தாள். மெழுகு. பல் இடுக்கில் விட்டு எடுக்கும் ஃப்ளாஸ் நூல்! பெட்டி பெட்டியாக வரவழைத்து அடுக்கி வைப்பவள் அவளே. நாளெல்லாம் அந்த வாசனையிலேயே இருந்து, அதைத் தன் வாசனை என்று நினைத்துவிட்டாள்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் தரைக்கு வந்துவிட்டாள். சிரிப்பு. டாக்டரின் அந்தக் காலர்! அந்த முகம்! அந்த முகம் ஏதோ ஒரு மூலையில் உட்கார்ந்து, “அடப்பாவி, கதவைத் திறடா” என்று கறுப்புக் கையுறைக்காரனைத் திட்டியிருக்கிறது! நாய்க்காக அழுதிருக்கிறது! கணவன் தண்ணீர் கொண்டுவந்தான். மகள் காரணம் தெரியாமலே கூடச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்தபோது கண்ணில் நீர் நின்றது. இத்தனை நாள் தனக்கு முன்னால் இருட்டுக்குள் போய்வந்தது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பெரும் சோதனை. டாக்டர் ஒவ்வொரு முறை எட்டிப் பார்க்கும்போதும் அவளுக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு குபுக்கென்று கிளம்பியது. குனிந்து செருப்பைத் தேடுவது போல நடித்தாள். முன்மேசையில் இருப்பவள் தானாகச் சிரித்தால் வருகிறவர்கள் இன்னும் வேகமாக ஓடுவார்களே!

அப்போது மீசைக்காரர் வந்தார். கன்னம் இப்போது பந்து போல வீங்கியிருந்தது. உட்காராமல் வாசற்படியிலேயே நின்றார்.

“அன்னைக்கு உள்ள ஊசி இல்லாம பிடுங்கினாங்களே, அந்த ஆளு... உயிரோட இருக்காராம்மா?”

“அண்ணே, அது கதைப் புத்தகம். நான் படிச்சுட்டுக் கத்திட்டேன். தப்பு என்னோடது.”

“கதைன்னு நீங்க சொல்லுவீங்க.” அவர் கால் பின்னால் நகர்ந்தது. “மலைப் பாதையில பிரேக் புடிக்காம வண்டி இறக்கியிருக்கேன்மா. ஆனா இந்த நாற்காலி... நான் நாளைக்கு வர்றேன்.”

இவர் போனால் வேலை போகும். அதைவிட, இவர் திரும்பி வரவே மாட்டார், அந்த வீக்கத்தோடு எங்கேயாவது வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். தான் கொட்டிய தைரியம் அது. தான்தான் அள்ளிக் கொடுக்க வேண்டும். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. மேசைமேல் இருந்த பெட்டியிலிருந்து ஒரு முழம் ஃப்ளாஸ் நூலை இழுத்தாள்.

“அண்ணே, இடது கையைக் குடுங்க.”

“பல்லு வாயில இருக்கும்மா.”

“தெரியும். குடுங்க.” அவருடைய கட்டை விரலைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டு, மேலே ஒரு பூ முடிச்சும் போட்டாள். “உள்ள நடக்கிறதுல பயமான பக்கம் ஒண்ணே ஒண்ணுதான். ஊசி. அந்தப் பக்கத்தை நீங்க பார்க்கவே வேண்டாம், கண்ணை மூடிக்கிட்டு வலது கையால இந்த முடிச்சை அவிழ்த்துக்கிட்டே இருங்க. அவிழ்க்கிறதுக்குள்ள அடுத்த பக்கம் வந்திடும். அதுல வலி கிடையாது.”

“அவிழ்ந்துடுச்சுன்னா?”

“அவிழாது. நான் கட்டினது.”

அவர் விரலைப் பார்த்தார். அவ்வளவு பெரிய விரலில் அவ்வளவு சின்னப் பூ. மீசைக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் சிரிப்பு வந்தது. மறு பக்கம் வீக்கம். உள்ளே போனார்.

கதவுக்கு வெளியே அவள் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டு நின்றாள். இயந்திரம் ஓடியது, நின்றது. கடைசியில் மீசைக்காரர் வாயில் பஞ்சோடு வெளியே வந்தார். முடிச்சில் ஒன்றுகூட அவிழவில்லை. அவர் அதைத் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னார். பஞ்சு தடுத்ததில் “நல்லா இருங்க” என்பது போலக் கேட்டது. பூவைக் கழற்றாமலே வண்டியேறப் போனார்.

பின்னாலேயே டாக்டர் வந்தார். காது இரண்டும் சிவந்திருந்தது. காத்திருப்போர் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டார்.

“அந்த முடிச்சு எங்க கத்துக்கிட்டீங்க?”

“மாடியில டாக்டர்.”

இருவரும் தொலைபேசியைப் பார்த்தார்கள். அதுவும் மணியடித்து உதவவில்லை.

“அப்போ அன்னைக்கு நீங்க கத்தினது...”

“குறடு பக்கம் டாக்டர். முடிச்சு இல்ல. நம்பித் திருப்பிட்டேன்.”

அவர் நெற்றியில் கையை வைத்தார். “அது எனக்கு ஒண்ணுமே தோணலைம்மா. அவன் குறடு பிடிக்கிற விதமே தப்பு, அப்படிப் பிடிச்சா ஒரு பல்லும் வராதுன்னு நினைச்சுக்கிட்டே தாண்டிட்டேன்.” பிறகு குரல் தாழ்ந்தது. “நாய் இருக்கிற பக்கத்தை அவிழ்த்தீங்களா?”

“ஓரத்துல பார்த்தேன். விட்டுட்டேன்.”

“நல்லது. அவிழ்க்காதீங்க.” உள்ளே போகத் திரும்பியவர், கதவைப் பிடித்தபடி நின்றார். “வேற ஆள் பார்க்கிறதா சொன்னேன்ல. அதை மறந்துடுங்க.”

அன்று சாயங்காலம் அவள் மகளைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். “அன்னைக்கு ஒண்ணு கேட்டியே, ஏன் விரலை எடுக்கலைன்னு? எடுத்துட்டா உள்ள இருக்கிற அந்தப் பொண்ணு தனியா மாட்டிக்குவாடா. நான் இருக்கேன்னு அவளுக்குத் தெரியணும்ல.”

“அவளுக்குத் தெரியுமா?”

“போய்ப் பல்லைத் தேய்.”

சில வாரங்கள் கழித்து நூலகத்துக்குப் புதிதாக ஒரு பேய் நாவல் வந்தது. அட்டையில் கறுப்பு வீடு, வாசலில் ஒரு நாய். நாயைப் பார்த்ததுமே முடிச்சைத் தேடிப் புரட்டிப் பார்த்தாள். எங்கேயும் முடிச்சு இல்லை, இன்னும் யாரும் படிக்கவில்லை. டாக்டருக்கு அந்த வாரம் மூச்சுவிட நேரமில்லாத வேலை. அவர் கண்ணில் படுவதற்கு முன் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். வழியில் முடிச்சும் இல்லை, துணையும் இல்லை. நாய் வரும் இடம் வந்தது. கண்ணை மூடவில்லை. ஒரு வரி விடாமல், முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, கடைசி வரை அந்த நாயோடு இருந்தாள்.

மறுநாள் மதியம், நூலகக்காரர் குடத்தில் தண்ணீர் பிடிக்க இறங்கிய நேரம் பார்த்து மாடி ஏறினாள். அலமாரிக்குப் பின்னால் நின்று, நாயின் பக்கங்களைச் சேர்த்து ஃப்ளாஸ் நூலால் மூன்று முடிச்சுப் போட்டாள். பழைய புத்தகத்தையும் தேடி எடுத்து, குறடு பக்கத்துக்கு ஒன்று போட்டாள். இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்து, முதுகுகளை ஒரே வரிசைக்குத் தட்டிவிட்டாள். கீழே குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் விரலை ஒருமுறை முகர்ந்துவிட்டுப் படியிறங்கினாள்.