மகிழ்ந்து கொடுத்த

"தம்பி உயிரைக் குடுத்ததுல உனக்குப் பெருமைதானேம்மா?"

பள்ளிக்கூடக் கமிட்டிச் செயலாளர் நினைவுக்கல்லுக்கு ஆர்டர் கொடுக்க வந்த அன்று இப்படித்தான் கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். செருப்புக்குள் புகுந்த பொடிக்கல் மாதிரி அந்தக் கேள்வி அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

அவளுக்குக் கல்பட்டறையில் வேலை. மேஸ்திரி வெட்டிய எழுத்துக் குழிகளில் கறுப்புப் பெயின்ட் நிரப்ப வேண்டும். தப்பாக வெட்டியதை வெள்ளைப் புட்டிப் பசையால் அடைத்துச் சமன் செய்ய வேண்டும். ஊரில் செத்தவர்கள் எல்லோரும் உத்தமர்களாகித்தான் அவள் கையைக் கடந்து போயிருக்கிறார்கள். பெண்டாட்டியின் பல்லை உடைத்தவன் 'அன்புக் கணவர்'. வேலியைத் தள்ளிப் போட்டுப் பக்கத்து வீட்டு நிலத்தைத் தின்றவர் 'வள்ளல்'. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே நிரப்புவாள். செத்தவர்களோடு என்ன வழக்கு?

இன்று மேசைமேல் கிடந்தது தம்பியின் கல். பள்ளிக்கூட வாசலில் வைக்கப் போகிறார்கள். பெயருக்குக் கீழே, 'நாட்டுக்காகத் தன் இன்னுயிரை மகிழ்ந்து கொடுத்த எங்கள் மாணவன்.'

மகிழ்ந்து கொடுத்தானாம்!

எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன் அவன். அதனாலேயே வீட்டில் அவனுக்குக் காக்கா என்று பெயர். பெயர்தான் காக்கா, ஒரு மிட்டாயைக் காக்காக்கடி கடித்துக்கூட யாருக்கும் தந்ததில்லை. பட்டாளத்துக்கு ஆள் பிடித்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. போகாவிட்டால் ஜெயில். கிளம்புகிற காலையில் சைக்கிளை வீட்டுக்குப் பின்னால் பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பட்டனையும் மாட்டினான்.

"சாவியக் குடுத்துட்டுப் போயேன்டா, காக்கா."

"ஆசையப் பாரு! வந்ததும் டயரத் தொட்டுப் பாப்பேன். காத்து கொறஞ்சிருந்தா நீதான் வாயால ஊதணும்க்கா."

கடலுக்கு அப்பால், வாயில் நுழையாத பெயருள்ள ஓர் ஊரில் புதைத்துவிட்டு ஒரு போட்டோ அனுப்பினார்கள். ஒரே அச்சில் வார்த்த வெள்ளைக் கற்கள், வரிசை வரிசையாக. அவனுடையது எது என்று பேனாவால் ஓர் அம்புக்குறி. கூடவே சீப்பும் கைக்கடிகாரமும் வந்தன. சாவி வரவில்லை. சைக்கிள் பூட்டியபடியே துருப்பிடிக்கிறது. சைக்கிள் சாவியைக் கொடுக்காத பயல் உயிரைத் தூக்கிக் கொடுத்தானாம்!

கல்லைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பாள். அப்பாதான் தடை. கல் வந்த நாளிலிருந்து தினமும் வேலை முடிந்து பட்டறைக்கு வந்து அதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அங்க போக நமக்கு வக்கில்ல. இதையாவது தொட்டுக்கறேன்" என்றார் ஒருநாள்.

பெயரை நிரப்பினாள். 'நாட்டுக்காக' நிரப்பினாள். 'இன்னுயிரை' வரை வந்து தூரிகை நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டுப் புட்டித் தகட்டை எடுத்தாள். அடுத்த இரண்டு சொற்களையும் அடியோடு அடைத்து வழித்தாள்.

புட்டி காய்வதற்குள் செயலாளர் வந்துவிட்டார், அப்பாவையும் கூட்டிக்கொண்டு.

"என்னம்மா, நடுவுல எழுத்தக் காணோம்?"

"தப்பா இருந்துச்சு. அடைச்சுட்டேன்."

"நான் எழுதிக் குடுத்ததுல தப்பா?"

"அவன் குடுக்கலைங்க. புடுங்கிட்டாங்க." அவள் குரல் பட்டறைத் தகரத்தில் மோதித் திரும்பியது. தன் குரல்தானா என்று அவளுக்கே திடுக்கென்றது. ஆனாலும் நிறுத்தவில்லை. "மகிழ்ந்து குடுக்கறதா இருந்தா உங்க வீட்டுலயும் ஒருத்தன் இருந்தானே, அவன ஏன் சீக்குன்னு ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கி ஒளிச்சு வச்சீங்க?"

செயலாளரின் காது சிவந்தது. "பெத்தவருக்கே இல்லாத கோவம் உனக்கென்ன? பெரியவரே, நீங்க சொல்லுங்க. அந்தப் புட்டிய வழிச்சு எடுத்தா நாளைக்கே கல்ல நட்டுடலாம். இல்லேன்னா கல்லும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அப்பா குனிந்தார். மகனின் பெயர்மேல் சுட்டுவிரலை வைத்து, எழுத்து எழுத்தாக நகர்த்தினார். 'இன்னுயிரை' தாண்டியதும் விரல் ஈரப் புட்டியில் புதைந்தது. அங்கேயே நின்றது. வழித்து எடுத்துவிடுவாரோ என்று அவள் அந்த விரலையே பார்த்தாள்.

வழிக்காமல் விரலை எடுத்தார். புட்டியில் ஒரு சின்னக் குழி. விரல் நுனியில் வெள்ளை.

"என்ன பெரியவரே?" என்றார் செயலாளர்.

"அப்பா" என்றாள் அவள்.

அப்பா யாரையும் பார்க்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, அந்த ஒரு விரலை மட்டும் சட்டையில் படாமல் தனியே நீட்டிப் பிடித்தபடி, தெருவில் இறங்கி நடந்தார்.