கூரைமேல் நின்ற சைக்கிள்

ஒரு நிமிடத்துக்கு அறுபது வினாடி என்று முதன்முதலில் கணக்குப் போட்ட ஆள் கையில் கிடைத்திருந்தால், மெக்கானிக் அன்றைக்கு அவர் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பான்: ஐம்பது என்று வைத்திருந்தால் உமக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

சைக்கிள் பந்தய அணியின் காரில் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தான். மடியில் இரண்டு சக்கரம், காலடியில் கருவிப்பெட்டி. தலைக்கு மேலே, காரின் கூரையில், அவன் பார்த்துப் பார்த்துப் பூட்டிய, மலையேறுவதற்கான லேசான சைக்கிள். முன்சீட்டில் கோச் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்ததெல்லாம் மற்ற அணிக் கார்களின் முதுகுதான். அந்தக் கார்களுக்கு முன்னால் எண்பது பேர் கூட்டமாக மலையேறிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கும் முன்னால், தன்னந்தனியாக, மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்றால் உறவிலேயே மாப்பிள்ளை. மெக்கானிக்கின் தங்கை புருஷன். கல்யாணத்துக்கு முதல் நாள்வரை இரண்டு பேரும் வாடா போடாதான். மறுநாள் காலையில் மெக்கானிக் "வாங்க மாப்ள" என்று கூப்பிட்டதைக் கேட்டு அணியே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து அணிக்கே அவர் மாப்பிள்ளையாகிவிட்டார். பேர்தான் பெத்த பேர். பார்த்தது எடுபிடி வேலை. பதினோரு வருடமாகக் காரிலிருந்து தண்ணீர் பாட்டில்களை வாங்கி முதுகில் செருகிக்கொண்டு போய் அணித்தலைவருக்குக் கொடுப்பார். எதிர்க்காற்றில் தலைவருக்கு முன்னால் ஓட்டி மறைப்புக் கொடுப்பார். தலைவரின் சக்கரம் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரோட்டோரம் நிற்பார். அவர் ஜெயித்தது ஒரு நாள்கூட இல்லை.

இது எட்டு நாள் பந்தயம். நான்காம் நாள் தலைவர் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். ஆறாம் நாளான இன்று காலை கோச் மாப்பிள்ளையிடம், "இன்னைக்கு உனக்கு யாருக்கும் தண்ணி தூக்குற வேலை இல்ல. இஷ்டம்போல ஓட்டு" என்றார். மாப்பிள்ளைக்கு முப்பத்தைந்து வயது. இந்த வருடத்தோடு நிறுத்துவதாக வீட்டில் சொல்லியாகிவிட்டது. ஆக, ஆயுசில் ஒரு நாளாவது முதலில் வருவதென்றால் அது இன்றைக்குத்தான்.

அங்கேதான் மெக்கானிக்கின் மூளை தேவையில்லாமல் வேலை செய்தது.

முதல் நூற்று ஐம்பது கிலோமீட்டர் சமதளம். கடைசிப் பதினொன்று செங்குத்தான மலை, உச்சியில் முடிவுக்கோடு. "சமதளத்துக்கு ஒரு சைக்கிள், மலைக்கு ஒரு சைக்கிள்" என்றான் மெக்கானிக், காலைச் சாப்பாட்டு மேசையில் ரொட்டித் துண்டுகளை மலையாக அடுக்கிக்காட்டி. "கீழ கனமான வண்டி, பெரிய பல்சக்கரம், காத்தக் கிழிச்சுட்டுப் போகும். அடிவாரத்துல நான் இறங்கி லேசான வண்டியக் குடுக்கறேன், சின்னப் பல்சக்கரம். ஒன்றரைக் கிலோ குறைவு. பத்து செகண்ட்ல மாத்திடலாம். அப்புறம் பாருங்க மாப்ள, பறப்பீங்க."

போனில் ஸ்பீக்கரில் இருந்த தங்கை மட்டும் இடைமறித்தாள். "ஏன் அண்ணா, ஒரே வண்டியில போய்த் தொலைஞ்சா ஆகாதா? அடிவாரத்துல உன் கார் பக்கத்துல இல்லன்னா?"

"பக்கத்துல இல்லாம நான் எங்க போகப்போறேன்? நீ டிவியப் போட்டுட்டு உக்காரு."

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். மச்சான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைக்கிற ஜாதி அவர்.

பாதி நாள்வரை எல்லாம் அவன் போட்ட கோட்டில்தான் போயிற்று. மாப்பிள்ளை கூட்டத்தை விட்டுப் பிய்த்துக்கொண்டு ஓடினார். கூடவே வந்த மூன்று பேரும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். நாலு நிமிட இடைவெளி. அவருக்குப் பின்னாலேயே இவர்களுடைய கார், கூப்பிடு தூரத்தில். பந்தயத்தில் ஒரு விதி உண்டு. முன்னால் ஓடுகிறவருக்கும் கூட்டத்துக்கும் நடுவில் ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தால்தான் அணியின் கார் அந்த இடைவெளிக்குள் இருக்கலாம். குறைந்தால் ஒதுங்கி, கூட்டத்தை முன்னே விட்டு, பின்னால் மற்றக் கார்களோடு வரிசையில் சேர்ந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் துரத்துகிறவர்கள் காரின் மறைவில் சொகுசாக ஓட்டுவார்களாம். நியாயமான விதிதான். நமக்கு வராதவரைக்கும் எல்லா விதியும் நியாயம்தான்.

பிற்பகலில் காற்று திரும்பியது. கூட்டம் விழித்துக்கொண்டது. மூன்று நிமிடம், இரண்டு நிமிடம் என்று இடைவெளி கரைந்தது. மலைக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது மாப்பிள்ளை கையைத் தூக்கிக் காரைக் கூப்பிட்டார். மெக்கானிக் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"மச்சான், இப்பவே மாத்திடலாமா?"

"இடைவெளி எவ்ளோ?" என்று மெக்கானிக் உள்ளே திரும்பிக் கேட்டான். "ஒண்ணு இருபத்தஞ்சு" என்றார் கோச்.

"இப்ப வேணாம் மாப்ள. இன்னும் ஆறு கிலோமீட்டர் சமதளம். அந்த வண்டியில இந்தக் காத்துல திணறுவீங்க. அடிவாரம் வரட்டும்."

மாப்பிள்ளை அவனை ஒரு கணம் பார்த்தார். "சரி மச்சான்" என்று குனிந்து மிதித்தார்.

அந்த "சரி மச்சான்" மெக்கானிக்கின் காதில் இன்னும் பல வருடத்துக்கு இருக்கும்.

அடிவாரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் விசில் சத்தம். மோட்டார் சைக்கிளில் வருகிற பந்தய அதிகாரி. எதற்கெடுத்தாலும் விசில் ஊதுவதால் ஓட்டுநர்களெல்லாம் அவருக்கு விசில் சார் என்று பேர் வைத்திருந்தார்கள். காரை ஓரங்கட்டச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"சார், ரெண்டே நிமிஷம்! சைக்கிள் மட்டும் மாத்திட்டு ஒதுங்கிடறோம்!" என்று மெக்கானிக் கத்தினான்.

"ஐம்பத்தெட்டு" என்றார் விசில் சார்.

"சார், ரெண்டு செகண்ட் சார்!"

"ஐம்பத்தேழு."

கோச் ஓரங்கட்டினார். கூட்டம் புஸ்ஸென்று காற்றைக் கிளப்பிக்கொண்டு கடந்துபோயிற்று. அதற்கு முன்பே மாப்பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வளைவில் மறைந்திருந்தார். கூரைமேல் இருந்த சைக்கிளின் சக்கரம் காற்றில் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

இனி காதில் கேட்பதுதான் பந்தயம். பந்தய ரேடியோவில் ஒரு பெண் குரல் நிதானமாக, காய்கறி விலை வாசிப்பதுபோல, வினாடிகளை வாசித்தது. ஐம்பத்திரண்டு. ஐம்பது. ஐம்பத்து நான்கு.

அணி ரேடியோவில் மாப்பிள்ளையின் மூச்சு கேட்டது. "கார் எங்க?"

கோச் மைக்கை எடுத்தார். "ஒரு நிமிஷத்துக்கு மேல ஏத்து. ஏத்துனாதான் விடுவாங்க."

மெக்கானிக் தலையைத் தூக்கிக் காரின் கூரையைப் பார்த்தான். கால் நோகாமல் ஏறுவதற்காகக் கட்டிய சைக்கிள். அதை வாங்குவதற்காக அந்த மனுஷன் கனமான வண்டியில், பெரிய பல்சக்கரத்தோடு, காலை ஒடித்துக்கொண்டு மலையில் வேகமாக ஏற வேண்டும். இதைவிடக் கேவலமான திட்டத்தை விரோதிகூடப் போட்டிருக்க மாட்டான். திட்டம் போட்டது மச்சான்.

மாப்பிள்ளை ஏற்றினார். எப்படி ஏற்றினாரோ தெரியாது. ஐம்பத்தேழு. ஐம்பத்தொன்பது. அறுபத்திரண்டு.

விசில் சார் கையை முன்னால் வீசினார். கோச் ஹாரனை அடித்துக்கொண்டு வரிசையிலிருந்து வெளியே பாய்ந்தார். மெக்கானிக் சீட் பெல்ட்டைக் கழற்றி, கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு தயாரானான். ஆனால் ரோடு ஒரு காரும் ஒரு ஆட்டுக்குட்டியும் சேர்ந்து போக முடியாத அகலம். முன்னால் எண்பது பேர் ரோட்டை அடைத்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொருவராக ஒதுங்க, கார் இன்ச் இன்ச்சாக நகர்ந்தது. பாதிக் கூட்டத்தைக் கடந்தாயிற்று. இன்னும் கொஞ்சம்தான்.

விசில்.

"ஐம்பத்தொன்பது. பின்னால போங்க."

"யோவ்! நடுவுல நிக்கிறோம்யா! முன்னால போறதும் பின்னால போறதும் ஒரே தூரம்தான்யா!" மெக்கானிக் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான். கோச் அவன் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார். "மேல பேசினா நாளைக்கும் சேர்த்துத் தடை போட்டுடுவாரு. உக்காரு."

உட்கார்ந்தான். முன்சீட்டின் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டான். கைதான் வலித்தது.

கடைசி மூன்று கிலோமீட்டர்தான் மலையின் நிஜ முகம். கூட்டமே அங்கே பாதியாக அறுந்தது. ரேடியோப் பெண் வாசித்தாள். நாற்பது. முப்பத்தொன்று. பத்தொன்பது. அணி ரேடியோவில் மாப்பிள்ளை இப்போது காரைக் கேட்கவில்லை. மூச்சு மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. காதிலிருந்து கழற்றிவிட்டிருக்க வேண்டும். முடிவுக்கோட்டுக்கு எண்ணூறு மீட்டரில் அவரைப் பிடித்துவிட்டார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

கார்கள் ஒவ்வொன்றாக அவரைத் தாண்டின. இவர்கள் முறை வந்தபோது மாப்பிள்ளை ரோட்டின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கோணல்மாணலாக ஏறிக்கொண்டிருந்தார். நேராக மிதிக்க அந்தப் பல்சக்கரம் விடவில்லை. விசில் சார் பக்கத்திலேயே மெதுவாக வந்துகொண்டிருந்தார். இவர்கள் காரைப் பார்த்ததும் தாராளமாகக் கையை வீசினார். போங்க, போங்க, நல்லா மாத்திக்குங்க.

மெக்கானிக் குதித்து இறங்கி, கூரையிலிருந்து சைக்கிளை உருவித் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் ஓடினான்.

"மாப்ள, நில்லுங்க. இந்தாங்க."

மாப்பிள்ளை பார்த்தார். உதட்டோரம் எச்சில் காய்ந்திருந்தது. "இப்ப எதுக்கு மச்சான்?" என்றார். அதில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் மெக்கானிக் அன்றைக்குப் பிழைத்திருப்பான். அவர் அதே வண்டியில் கோணலாகவே ஏறிப் போனார். சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு இவன் ரோட்டில் நின்றான்.

நாற்பத்து மூன்றாவதாக வந்தார்.

உச்சியில், அணி பேருந்தின் படியில், துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் எதிரில் நின்று அந்தக் கனமான சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான். போன் அடித்தது. தங்கை. மாப்பிள்ளையே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க ஆச்சு?"

"கால் வரலம்மா" என்றார் மாப்பிள்ளை. "வண்டியெல்லாம் பிரமாதமா இருந்துச்சு. மச்சான் மேல ஒரு குறையும் சொல்ல முடியாது. எனக்குத்தான் வயசாயிடுச்சு."

மெக்கானிக் துடைப்பதை நிறுத்தினான். துணியை வீசி எறிந்துவிட்டுப் போனைப் பிடுங்கினான்.

"பொய் சொல்றாரும்மா. அவர் கால்ல ஒரு குறையும் இல்ல. ஆறு கிலோமீட்டர் முன்னாலயே வண்டி கேட்டாரு. நான்தான் குடுக்கல. நான்தான் கெடுத்தேன்."

 அந்தப் பக்கம் டிவியின் இரைச்சல் கேட்டது.

"தெரியும்ணா" என்றாள் தங்கை. "சாயங்காலம் முழுக்க டிவியில உங்க காரத்தான் காட்டினாங்க. அந்த சைக்கிள் கூரை மேலேயே நின்னுட்டு இருந்துச்சு."