நாற்பத்தொரு மரவட்டைகள்

சிவகுருநாதன் சார் சொன்னால் கடல்கூட வற்றிவிடும். அரசாங்க வேலையில் முப்பது வருடம் கையெழுத்துப் போட்ட தைரியம் அது. ஓய்வுக்குப் பிறகு, 1984இல், பிரிக்ஃபீல்ட்ஸ் மாலை வகுப்பில் உயிரியல் நடத்தினார். கிள்ளானுக்கு எதிரே இருக்கும் ஒரு சேற்றுத் தீவில் சிவப்பு மரவட்டைகளைப் பார்த்திருந்தார். பனியுகத்தில் கடல் வற்றிக் கிடந்தபோது அவை நடந்தே அங்கு போயினவாம். பிறகு தண்ணீர் ஏறி மாட்டிக்கொண்டனவாம். சனிக்கிழமை மண்டபத்தில் நடக்கும் அறிவியல் கூட்டத்தில் பேசப்போவதும் இதைத்தான்.

தீவுக்குப் போய் எண்ணிவரும் வேலை வகுப்பு மாணவன் யூனுஸுக்கு. பகலில் கிள்ளானில் மாமாவின் துணிக்கடையில் கைலி மடிப்பவன். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். சாரின் சிபாரிசுக் கடிதம் இல்லாமல் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

நான்கு ஞாயிறு படகேறி எண்ணினான். நாற்பத்தொன்று. எல்லாமே தீவு வீடுகளின் பூச்சட்டி மண்ணில். காட்டுச் சேற்றில் ஒன்றுகூட இல்லை. தேதி போட்டு நோட்டில் எழுதி, வழக்கம்போல அடியில் ஒரு வரி சேர்த்தான்: 'நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம்.'

"சார், கடல் ஏறின பிறகு ஆறு கொண்டாந்த சேத்துலதான் இந்தத் தீவே உண்டாச்சு. அதுக்கு முன்ன நடந்து போயிருந்தா, எங்க போய் நின்னிருக்கும்?"

"பத்தாயிரம் வருஷத்து விஷயத்த பூச்சட்டிக்குள்ள தேடுறியா? கைலி மடிக்கிற புத்தி லா உனக்கு! கடிதம் வேணுமா, வேணாமா?"

"வேணும் சார். ஆனா எல்லாச் சட்டியிலயும் பச்சைக் கோடு இருக்கு. உங்க வீட்டுச் சட்டி."

சாரின் மனைவி கனகேஸ்வரி பத்து வருடமாகத் தீவுக்குச் செடி விற்கிறார். சட்டிக்குப் பச்சைக் கோடு போடுவது சாரேதான். அவர் நோட்டைப் பிடுங்கிக்கொண்டார். "செக் பண்ணிட்டுத் தரேன்."

சனிக்கிழமை முன்வரிசையில், ஆய்வுக்கூடத்துக்கு ஆள் எடுக்கும் டாக்டர் தனலெட்சுமி உட்கார்ந்திருந்தார். சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யூனுஸின் நோட்டை விரித்து, "என்னுடைய ஆய்வில்..." என்று ஆரம்பித்தார். இடையில் யாரிடமோ கேட்டுத் தெளிந்திருப்பார் போலும், பனியுகத்தைக் காணோம். படகு வந்தது, பூச்சட்டி வந்தது, நாற்பத்தொன்றும் தேதிவாரியாக வந்தன. கைதட்டல் கேட்ட ஜோரில் அடுத்த வரியையும் மூச்சுவிடாமல் வாசித்தார்:

"நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம்."

மண்டபம் திகைத்தது. கனகேஸ்வரி சத்தமாகச் சிரித்துவிட்டார். "இஞ்சருங்கோ! கலியாணம் முடிச்சு இருபத்தாறு வருஷம், இப்படி ஒரு வார்த்தை உங்கட வாயில வந்ததே இல்லையே! ஆர் எழுதினது?"

"எனக்கும் அந்த ஆள்தான் வேணும்," என்றார் தனலெட்சுமி. "யார் அது?"

யூனுஸ் எழுந்தான். "நான்தான்னு நினைக்கிறேன், டாக்டர்."

"திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஆய்வுக்கூடத்துக்கு வாங்க. கடிதமெல்லாம் வேணாம். நோட்டு போதும்."

சார் மைக்கை விடவில்லை. "சந்தேகப்படச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் லா!" என்றார்.

யூனுஸ் மேடைக்குப் போய்க் கை நீட்டினான். சார் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "இன்னும் செக் பண்ணி முடியல."

"முடிஞ்சிருச்சு சார். எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிச்சீங்களே," என்று சொல்லி, அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி வாங்கிக்கொண்டான்.