தண்ணீர் தீரும்வரை வசை

டெமியாஸின் அத்திக் கன்றுகள் வாடிச் செத்துக்கொண்டிருந்தன. அடுத்த நிலத்துக் கிரெமோனின் கிணற்றில் தண்ணீர் தளும்பியது. ஒரு குடம் தர அவனுக்கு மனசில்லை. சொந்த நிலத்தில் பத்தாள் ஆழம் தோண்டியும் ஊற்று கிடைக்காதவனுக்குப் பக்கத்துக் கிணற்றுக்காரன் தண்ணீர் விட்டே ஆகவேண்டும் என்பது ஏதென்ஸின் சட்டம். டெமியாஸ் தோண்டிப் பார்த்துவிட்டான். மிஞ்சியது உள்ளங்கையில் காய்த்த காப்புதான்.

வழக்கு நாளில் மனைவி நிக்கெசோ வாசலில் மறித்துச் சொன்னாள்: "தோண்டினோம், ஊறலன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடுய்யா. வேற ஒண்ணும் வேணாம்."

ஆனால் காசு வாங்கிக்கொண்டு வழக்குப் பேச்சு எழுதிக் கொடுப்பவன் சட்டத்தைக் கடைசியில் வைத்திருந்தான். முன்னால் முழுக்க இரக்கமில்லாதவனைத் திட்டும் சொற்கள். கிரேக்கத்தில் அதற்கா பஞ்சம்!

நீதிமன்றத்தில் நேரம் அளக்கும் பானையின் துளையைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் ஒழுகி முடியும்வரைதான் பேசலாம்.

"இவன் கல்நெஞ்சன்! இரும்புல அடிச்ச ஈரக்குலைக்காரன்! எவ்வளவு கொதிச்சாலும் வேகாத பயறு! இவனப் பெத்தது தாயில்லீங்க, கடலும் பாறையும் சேந்து பெத்துச்சு!"

நடுவர்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். டெமியாஸுக்குத் தலைகால் புரியவில்லை. எழுதித் தராததையும் எடுத்துவிட்டான். கடைசியில், "நான் தோண்டி..." என்று அவன் வாயெடுக்கவும் பானை காலியாகவும் சரியாக இருந்தது.

"தண்ணி தீந்துபோச்சு. இறங்குய்யா" என்றான் பானைக் காவலன்.

"ஐயா, ஒரே ஒரு கிண்ணம் ஊத்துங்கய்யா!"

கிரெமோன் மெல்ல எழுந்தான். "பாவம், தவிக்கிறாரு. என் பங்குத் தண்ணிய அவருக்கே ஊத்துங்க."

சபை உருகிப்போனது. இந்தத் தங்கமான மனுசனையா இவன் இத்தனை பேச்சுப் பேசினான்!

பானையில் மறுபடியும் தண்ணீர் ஒழுகியது. ஒரு வாக்கியம் சொன்னால் கன்றுகள் பிழைக்கும். ஆனால் டெமியாஸுக்கு வயிறு எரிந்தது. கிணற்றில் தராத தண்ணீரை இங்கே ஊற்றுகிறானே பாவி, இந்தக் கொடுமைக்கு ஒரு சொல் இருக்குமே! தேடினான், திக்கினான், "அடேய்..." என்றான். தேடி முடிவதற்குள் பானை மறுபடியும் சொட்டி ஓய்ந்தது.

வழக்கு தோற்றது.

"சொன்னியாய்யா?" என்றாள் நிக்கெசோ.

"சொல்லத்தான் வந்தேன், அதுக்குள்ள..."

அவள் கன்றுகளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு 'கல்நெஞ்சன்' என்பதிலிருந்து அவனைத் திட்ட ஆரம்பித்தாள். அவன் நீதிமன்றத்தில் தேடிக் கிடைக்காத சொல்லும் அதில் இருந்தது. அவளுக்கு யாரும் பானை வைக்கவில்லை.